குறை சொல்லக் கூடாத கடை

ஆர்டித் கூல்மன் வளர்ந்த வீட்டில் யாரும் எதையும் வாய் திறந்து கேட்டு வாங்கியதில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றுக்கு வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவில் வீடு. அப்பா வானத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே சொல்: "போதும்." அந்தப் 'போதும்' பிள்ளையின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உணவுக்கடையில் மாட்டிறைச்சி கேட்டு மீன் வந்தாலும் மீனைத் தின்றுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருகிற ரகம் அவள். யாராவது அவள் காலை மிதித்தால் அவளே மன்னிப்புக் கேட்பாள்.

லவோன் அப்படியில்லை. கிராண்ட் ஐலண்ட் நகரத்தில் முடி அலங்காரம் படிக்கப் போன இடத்தில்தான் இருவருக்கும் பழக்கம். முதல் நாள் ஆளுக்கொரு பொம்மைத் தலை கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த லவோன் தன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இருக்கிற முடியும் எனக்கில்ல, மூக்கும் எனக்கில்ல. காசு கட்டினது நானு, அழகு இதுக்கா?" என்றாள். ஆர்டித் வாய்விட்டுச் சிரித்தாள். அதற்கு முன் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவளே பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து இருவரும் சேர்ந்து ஆர்டித்தின் ஊரில் கடை போட்டார்கள். தீவனக் கடைக்கும் வக்கீல் ஆபீசுக்கும் நடுவில் ஒரு குறுகல் இடம். இரண்டு நாற்காலி, தலைக்கு மேல் கூடை போலக் கவிழ்கிற டிரையர் மூன்று. லவோன், எமில் செட்லாக் என்கிற சோளப் பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு, ரெனீட்டா என்று ஒரு பெண்ணையும் பெற்றுக்கொண்டு, தினமும் பண்ணையிலிருந்து காரில் வந்து போனாள். ஆர்டித் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. கடையே போதும் என்றாள்.

வெள்ளிக்கிழமை கிழவிகளின் நாள். முடியைக் கழுவி, உருளைகளில் சுற்றி, டிரையருக்குள் உட்கார்த்தி, பிறகு சீவி உயர்த்தி ஸ்ப்ரே அடித்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் தாங்கும், அடுத்த வெள்ளி வரைக்கும் தாங்கும். ஆனால் அவர்கள் முடிக்காக வந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லவோனின் வாய்க்காகத்தான் வந்தார்கள்.

"எமில் நேத்து என்னை ஏற இறங்கப் பார்த்தான். 'நீ புதுசா ஏதோ பண்ணியிருக்கே'ன்னான். எனக்கு ஒரே பூரிப்பு. 'என்ன, முடியா?'ன்னேன். 'இல்ல, கிழங்குல உப்பு சரியா இருக்கு'ங்கறான். இவனை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?"

எல்ஸி என்று ஒரு கிழவி, டிரையருக்குள்ளிருந்தே கத்துவாள்: "உன் புருஷன் பேசவாவது செய்யறான்டி. என் வீட்டுல இருக்கறது ஆளா, அலமாரியா? தூசி தட்டித்தான் வெச்சிருக்கேன்!"

சிரித்துச் சிரித்து அவர்கள் கண்ணில் தண்ணீர் வரும். சிலருக்குச் சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்காது. அப்போது லவோன் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, முடியைச் சீவிக்கொண்டே, "ம், சொல்லுங்க, அப்புறம்?" என்பாள். மனசைக் கழுவிக்கொண்டு போனார்கள். முடி கழுவியது அதற்குக் கொசுறு.

நெடுஞ்சாலை ஓரம் பெரிய வணிக வளாகம் வந்ததும் இளம்பெண்கள் அந்தப் பக்கம் போனார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆர்டித்துக்குத் தூக்கம் போயிற்று. ஷாம்பு விற்க வருகிற ஆள் ஒருவன் அவளுக்கு ஒரு சீட்டு கொடுத்தான். ஒமாஹாவில் பெரிய ஹோட்டல் மண்டபத்தில் 'வெற்றி மனம்' என்று ஒரு கூட்டம், சனி, ஞாயிறு இரண்டு நாளும். லவோனையும் கூப்பிட்டாள்.

"உட்கார்ந்து கேட்கறதுக்கா அவ்வளவு தூரம்? அதுக்கு எங்க பாதிரியார் இருக்காரு, பக்கத்துலயே தூங்கலாம்," என்றாள் லவோன்.

ஆர்டித் தனியாகப் போனாள். போனவள் ஒருத்தி, வந்தவள் ஒருத்தி.

அந்தக் கூட்டத்தில் சொன்னது எல்லாம் பொய் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். நல்லதுதான் சொன்னார்கள். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லாதே, 'இன்னும் தெரியாது' என்று சொல். தவறு நடந்தால் யார் செய்தது என்று கேட்காதே, இதில் நான் கற்றது என்ன என்று கேள். விடியுமுன் எழுந்திரு. பயமாக இருக்கிற வேலையை முதலில் செய். அதையெல்லாம் ஆர்டித் எழுத்துப் பிசகாமல் செய்தாள். ஒரு பெட்டி நிறைய கேசட் வாங்கி வந்து காரில் போட்டுக் கேட்டாள். பாங்க்காரர் எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்து கடன் கேட்டாள். டென்வருக்குப் போய்ப் புது வெட்டுகளைக் கற்றுக்கொண்டு வந்தாள். இவளை மாட்டிறைச்சி கேட்டு மீன் தின்றவள் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்? இளம்பெண்கள் திரும்ப வந்தார்கள். மூன்றாவது நாற்காலி போட்டு, டானி என்று ஒரு சுறுசுறுப்பான பெண்ணை வேலைக்கு வைத்தாள்.

எல்லாம் சரி. ஒன்றுதான் சரியில்லை. குறை சொல்கிற வாய் வளர்ச்சியைத் தின்கிற வாய் என்றும் அங்கே சொல்லியிருந்தார்கள். ஆர்டித் பழைய சாமான் கடையில் ஒரு பித்தளை மேசைமணி வாங்கி வந்து கல்லாவின் பக்கத்தில் வைத்தாள். கடைக்குள் யார் குறை சொன்னாலும், அவர் வேலைக்காரரோ வாடிக்கையாளரோ, கேட்டவர் மணியைத் தட்ட வேண்டும். தட்டியதும் எல்லோரும் சேர்ந்து "திருப்பிப் போடு!" என்று கத்த வேண்டும். கல்லில் பான்கேக்கைத் திருப்பிப் போடுகிற மாதிரி, குறை சொன்னவர் அதையே நல்ல வார்த்தையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. "முட்டி வலி உயிர் போகுது" என்றாள் எல்ஸி. டிங். "திருப்பிப் போடு!" "சரி சரி. முட்டின்னு ஒண்ணு இருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்." கைதட்டல். பெரிய ஊர்ப் பத்திரிகையில் கடையின் படம் வந்தது. 'குறை சொல்லாத கடை' என்றே பேர் ஆகிவிட்டது. அப்படி ஒரு கடை இருக்கிறதா பார்ப்போம் என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள்.

லவோனும் ஆரம்பத்தில் சேர்ந்து சிரித்தாள். "இனிமே எமிலைப் பத்திச் சொல்ல எனக்கு வாயே இல்லாமப் போச்சு. டிங். எமில் தூங்கறப்போ ரொம்ப நல்லவன்." பிறகு வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் டிரையர் சத்தம்தான் கேட்டது.

அந்தக் குளிர்காலத்தில் எல்ஸியின் புருஷன் இறந்துபோனார். மறுவாரமே அவள் கடைக்கு வந்தாள். உருளை சுற்றிக்கொண்டிருக்கும்போது, "வீடு ரொம்ப அமைதியா இருக்கு," என்றாள். டானி சின்னப் பெண், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் மணியைப் பார்த்தாள். அவள் பார்த்ததை எல்ஸியும் பார்த்துவிட்டாள். "அமைதி நல்லதுதான்," என்று அவளே சொல்லிவிட்டாள். அடுத்த வெள்ளி அவள் வரவில்லை. லவோன் ஒரு பையில் சீப்பும் உருளையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்ச் செய்துவிட்டு வந்தாள்.

"எல்ஸி மாதிரி ஆளுங்களுக்காவது அந்த மணியை எடுத்து வையேன்," என்று ஆர்டித்திடம் கேட்டாள்.

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். அப்புறம் பழக்கம் எங்க நிக்கும்?"

"பழக்கம் நிக்கட்டும். ஆளு நிக்கலையே."

ஆர்டித் சிரித்துவிட்டு மணியைத் தட்டினாள். நாள் தவறாமல் தட்டித் தட்டி, விரல் தானாகப் போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள், கடை நிறைய ஆள் இருக்கும்போது, லவோன் ஒருத்திக்கு முன்முடி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு ஆர்டித்தின் நாற்காலிக்கு வந்து, "ஆர்டித், எனக்குக் கையில ஏதோ ஆகுதுடி. நான் சொல்றதைக் கேட்க மாட்டேங்குது," என்றாள்.

தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் டானியின் காது கூர்மை. டிங். கடையே ஒரே குரலில், சிரித்துக்கொண்டு, "திருப்பிப் போடு!" என்றது. ஆர்டித்தும் சேர்ந்துதான் சொன்னாள். சீப்பு வாயில் இருந்ததால் அவள் குரல் கொஞ்சம் கொழகொழவென்று வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லவோன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு கை இருக்கு. கடவுளுக்கு நன்றி," என்றாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி விசிலும் அடித்தாள்.

அன்றிலிருந்து லவோன் முடி வெட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். தலை கழுவுவாள், தரை பெருக்குவாள், போனை எடுப்பாள். ஆர்டித் பார்த்தாள், அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள்: இவளுக்கு வளர மனசில்லை. தலைச்சாய டியூப்கள் அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்கு அவளைக் கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் புதுசா ஒரு வெட்டாவது கத்துக்கிட்டியா, லவோன்?"

"இல்ல."

"ஏன்?"

லவோன் இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். "சொன்னா மணி அடிப்பியா?"

"சாக்கு சொல்றதா இருந்தா வேண்டாம். வழி சொல்லு, கேட்கறேன்."

"வழி தெரியல."

"இன்னும் தெரியலன்னு சொல்லு."

லவோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ யாருடி? எங்க ஆர்டித்தை எங்க வெச்சிருக்கே?"

"அந்த ஆர்டித் எல்லார்கிட்டயும் மிதிபட்டவ. அவ போயிட்டா."

"எனக்கு அவளைப் பிடிச்சிருந்துது," என்றாள் லவோன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம் ஆர்டித். வாய் நிற்கவில்லை. கேசட்டில் கேட்ட வாக்கியம் ஒன்று நாக்கு நுனியில் காத்துக்கொண்டிருந்தது. "மலை ஏறறவங்க சுமையை இறக்கித்தான் ஆகணும்," என்றாள். கேசட்டில் அது எவ்வளவோ நன்றாக இருந்தது.

லவோன் ஏப்ரனை அவிழ்த்தாள். இடது கையால் அவிழ்த்தாள். முடிச்சு வரவில்லை, பிடித்துப் பிடித்து இழுத்தாள். கோபத்தில் நடுங்குகிறாள் என்று ஆர்டித் நினைத்துக்கொண்டாள்.

"நல்லது. எல்லாமே ரொம்ப நல்லது," என்று சொல்லிவிட்டு லவோன் பின்வாசல் வழியாகப் போனாள். அவள் பங்கை ஆர்டித் வாங்கிக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் ஆர்டித்துக்கு உடம்பு லேசாக இருந்தது. வளர்ச்சி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணினாள்.

கடை வளர்ந்தது, அதில் சந்தேகமில்லை. கியர்னியில் ஒரு கிளை, ஹேஸ்டிங்ஸில் ஒரு கிளை. வியாபாரிகள் சங்கம் மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தது. வாய் திறக்கப் பயந்த பெண்கள் எத்தனையோ பேர் அவளிடம் வேலை பழகி, நிமிர்ந்து, சொந்தக் கடை போட்டார்கள். அந்தப் புண்ணியத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனால் பொம்மைத் தலையைப் பார்த்துச் சிரித்தாளே, அந்த மாதிரிச் சிரிப்பு அவளுக்கு அதன் பிறகு வாய்க்கவில்லை. வேலை அதிகம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

லவோனை எப்போதாவது மளிகைக் கடையில் பார்ப்பாள். லவோன் தள்ளுவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நிற்பாள். "எப்படி இருக்கே?" "நல்லா இருக்கேன். நீ?" "நானும்." அந்த ஊரில் யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று முதலில் தெரிவது பியூட்டி பார்லரில்தான். டாக்டருக்கே அப்புறம்தான் தெரியும். ஆர்டித்தின் கடையில் மட்டும் கெட்ட செய்தி வாசல் மிதியடியோடு நின்றுவிடும். ஊருக்கெல்லாம் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் போனது அப்படித்தான்.

விதைப்புக்கு முன்னால், வசந்தத்தில், எமில் போய்ச் சேர்ந்தான். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் வைத்த ரொட்டி, சீஸ் போட்ட உருளைக்கிழங்கு, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி, எல்லாம் வழக்கப்படி. ஆர்டித் தட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோதுதான் பார்த்தாள். லவோன் உட்கார்ந்திருக்கிறாள். ரெனீட்டா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு நறுக்குவது போல ஹாமை நறுக்கிக் கொடுக்கிறாள். லவோனின் கை மேசைமேல் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. காப்பிக் கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தார்கள்.

பெரிய காப்பிப் பாத்திரத்தின் அருகே ரெனீட்டா வந்தபோது ஆர்டித் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு இது எப்போலேருந்து?"

ரெனீட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரியாதா உங்களுக்கு?"

"சத்தியமாத் தெரியாது."

"உங்க கடையில இருந்தப்பவே ஆரம்பிச்சுது, ஆர்டித். உங்ககிட்டத்தான் முதல்ல சொன்னாங்க. அப்பாகிட்டக்கூட அப்புறம்தான். 'என்ன சொன்னாங்க?'ன்னு கேட்டேன். 'எல்லாரும் கைதட்டினாங்க'ன்னாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆர்டித்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ஆர்டித் தன் தட்டை அப்படியே சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கார்கள் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு வந்ததும் மணியை எடுத்துக் குப்பையில் போட்டாள். கடைப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, "இனிமே குறை இருந்தா சொல்லுங்க. எதுவா இருந்தாலும். என்னைப் பத்தியா இருந்தாலும் சரி," என்றாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு, ஆர்டித்!" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் தலையாட்டிச் சிரித்தார்கள். இது ஏதோ புதுப் பரீட்சை என்று அவர்கள் நினைத்தது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவள் பழக்கி வைத்த பழக்கம். நன்றாகப் பழக்கியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ணை வீட்டுக்குப் போனாள். லவோன் வாசலுக்கே வந்து வரவேற்றாள். மேசையில் காப்பியும் பேரீச்சம்பழக் கேக் துண்டுகளும் தயாராக இருந்தன.

"எனக்குத் தெரியாது, லவோன். நான் கேட்டிருக்கணும். கேட்கல."

"அது எப்பவோ நடந்தது. எடுத்துக்கோ, ரெனீட்டா செஞ்சது."

"என்னைத் திட்டுடி."

"எதுக்கு?"

"எதுக்கா? உன்னைச் சுமைன்னு சொன்னேனே, அதுக்கு!"

"அதுனாலதான் எமிலோட நிறைய நாள் இருக்கக் கிடைச்சுது," என்றாள் லவோன். திருப்பிப் போடுவதில் இப்போது அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "சந்தோஷமான நாளுங்க."

"ராத்திரி தூக்கம் வருதா?"

"வருது."

"கை வலிக்குதா?"

"இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கு. காப்பி ஆறிடும், குடி."

எவ்வளவு கேட்டாலும் இதேதான். எமிலைப் பற்றிக்கூட ஒரு குறை இல்லை. உயிரோடு இருந்தபோது அவன் குறட்டையை வைத்து ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் ஓட்டியவள்! ஆர்டித் கேக் துண்டை மென்றாள், விழுங்கினாள், நன்றி சொன்னாள். மரியாதைக்குக் குறைவே இல்லை. அந்நியர்களிடம்தான் நாம் இவ்வளவு மரியாதையாக இருக்கிறோம்.

கிளம்பும்போது ரெனீட்டாவிடம், சனிக்கிழமைதோறும் தான் வந்து லவோனின் தலையைக் கழுவிச் சீவி விடுவதாகச் சொன்னாள். லவோனுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. "உனக்கு மூணு கடை இருக்கே," என்றாள் லவோன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தாள். சமையலறைத் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கழுத்துக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, லவோனைச் சாய்த்தாள். லவோனின் முடி மெலிந்து பஞ்சாகியிருந்தது. ஆர்டித் அதை நனைத்து, நுரைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தாள். தான் நினைத்ததெல்லாம் சொன்னாள், அம்மாவைப் பற்றி, அந்தப் 'போதும்' பற்றி. இவ்வளவு பேச்சு அவள் பேசியதே இல்லை. லவோன் கண்ணை மூடிக்கொண்டு, "ம்," "ம்," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆர்டித்துக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள், இன்னும் கொஞ்சம் பேசினாள்.

நிமிர்த்தித் துண்டைச் சுற்றும்போதுதான் கண்ணில் பட்டது. பின்கழுத்து முழுவதும் வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. காதுமடல் வரை சிவப்பு. பண்ணை வீட்டின் வெந்நீர்க் கொதிகலன் பழசு, நினைத்த நேரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிடும். வாழ்நாளெல்லாம் சுடுதண்ணீரில் ஊறிய ஆர்டித்தின் விரல்களுக்கு அது உறைக்கவே இல்லை.

"லவோன்! இவ்வளவு சுட்டுதா?"

"இல்லையே. இதமா இருந்துச்சு."

"கழுத்து வெந்து போயிருக்குடி! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தக் காலத்து லவோனாக இருந்தால், 'என்னடி, கோழிக்கு இறகு பிடுங்கப் போறியா?' என்று தெருமுனை வரை கேட்கக் கத்தியிருப்பாள். இந்த லவோன் ஆடுகிற கையை இன்னொரு கைக்குள் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தாள்.

"உனக்கு எப்பவுமே நல்ல கை, ஆர்டித்," என்றாள்.

ஆர்டித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

இப்போதும் சனிக்கிழமை தவறாமல் போகிறாள். குழந்தையைக் குளிப்பாட்டும் தாய்மாதிரி, குழாயைத் திறந்ததும் முழங்கையை நீட்டித் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறாள். "இது போதுமா? சுடுதா? சொல்லுடி," என்று கேட்கிறாள். "நல்லா இருக்கு," என்கிறாள் லவோன். அது மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள, ஆர்டித்துக்குத் தன் முழங்கையைத் தவிர வேறு வழியில்லை.